மருந்து ஒத்துக்கொண்டு, மாத்திரை ஒத்துக்கொள்ளாதபோது

வழக்கமாகச் சாப்பிடும் மருந்தையே வேறு கம்பெனி மாத்திரையாக மாற்றிய பிறகு இளைப்போ நெஞ்சிறுக்கமோ வந்தால், அதில் சேர்த்துள்ள நிறமி, கெடாமல் காக்கும் பதப்பொருள் போன்ற துணைப்பொருட்களையும் சந்தேகிக்க வேண்டும். இது அரிதானது; மேலும், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் தாமாகவே சில ஆஸ்துமாக்காரர்களுக்கு இளைப்பைக் கிளப்பும் என்பதால், பழியை உடனே சாயத்தின் மேல் போடவும் கூடாது.

எந்தப் பொருள் காரணம் என்பதற்கான துப்பு, மாத்திரை அட்டையில்தான் இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கடைகளில் காகிதத்தில் மடித்துத் தரும் 'செட் மாத்திரை'யில் அந்தத் துப்பே கிடையாது. ஆகவே முழு அட்டையாக, பில்லோடு வாங்குங்கள். டார்ட்ரசின், சன்செட் எல்லோ போன்ற நிறமிகளின் பெயர் அட்டையில் பெரும்பாலும் இருக்கும். மற்றவை 'எக்ஸிபியன்ட்ஸ்' (துணைப்பொருட்கள்) என்ற ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருந்தால், முழுப் பட்டியலை மருத்துவர் வழியாகத் தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

இளைப்புக்கு எடுக்கும் மருந்தே இளைப்பைத் தருவதும் உண்டு. காப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் பொடி இன்ஹேலர்கள் பலவற்றில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கலந்திருக்கும். அதில் ஒட்டியிருக்கும் மிகச் சிறிதளவு பால்புரதம், பால் ஒவ்வாமை கடுமையாக உள்ளவருக்கு மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடும். (ஜிகர்தண்டா குடித்தால் வயிறு மட்டும் பொருமுகிறவருக்கு இந்தக் கவலை வேண்டாம்; அது செரிமானக் கோளாறு.) சில நெபுலைசர் திரவங்களில் பதப்பொருளாகச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடும், சில மருந்துகளில் உள்ள சல்ஃபைட்டும் அவ்வாறே ஆஸ்துமாக்காரர்களைத் தாக்கலாம். நெபுலைசர் வைத்தபின் இருமல் கூடினால், பதப்பொருள் இல்லாத, ஒருவேளைக்கு மட்டுமான குப்பி கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; அதற்காக இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மருந்து எடுத்த சிறிது நேரத்தில் மூச்சுத் திணறலோடு உதடு வீக்கமோ, உடம்பெங்கும் தடிப்போ, மயக்கமோ வந்தால், ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசியே அப்போது முதல் மருந்து. பெரியாஸ்பத்திரிதான் போக வேண்டும் என்றில்லாமல், அவசரச் சிகிச்சை உள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மீதி மாத்திரையையும் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

தேறிய பிறகு, மருந்தின் பெயர், கம்பெனி, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), சாப்பிட்ட நேரம், இளைப்பு தொடங்கிய நேரம் ஆகியவற்றை எழுதி ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டுங்கள். உறுதிசெய்வதற்காக அதே மாத்திரையை வீட்டில் மறுபடி விழுங்கிப் பார்ப்பது ஆபத்து. அந்தச் சோதனை மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகாரைப் பதியலாம். அங்கும் அட்டையில் உள்ள விவரங்களைத்தான் கேட்பார்கள்.