மண் ரொட்டி அடுப்பு: கூடிக் கட்டும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

பூங்காவிலோ பள்ளி மைதானத்திலோ பலர் கூடி மண்ணை மிதித்துக் குழைத்து ஒரு ரொட்டி அடுப்பு கட்டுவது கனடா, பிரிட்டன், அமெரிக்கா பக்கம் சமூகக் கலைத் திட்டங்களில் நன்றாக வேரூன்றிவிட்ட வேலை. டொராண்டோவின் டஃபரின் குரோவ் பூங்காவில் 1995இல் வந்த பொது விறகு அடுப்பைச் சுற்றி, வாராவாரம் ரொட்டியும் பீட்சாவும் சுடும் ஒரு கூட்டமே உருவானது. மண்ணில் கட்டினால் செலவும் குறைவு. குழந்தை முதல் தாத்தா வரை எல்லோருக்கும் வேலை இருக்கும். ஆமை, தவளை, வாய் பிளந்த பூதம் என்று விரும்பிய உருவத்தையும் கொடுக்கலாம்.

சிக்கலும் அங்கேதான். எல்லோர் கண்ணும் ஆமை மேலேயே இருக்கும். அடுப்பைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள். போதாக்குறைக்குத் திறப்பு விழாத் தேதியை முதலிலேயே குறித்துவிடுவார்கள். மண் அடுப்புகள் பாழாவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் காரணம் என்பேன்.

மண்ணிலிருந்து தொடங்குவோம். தோட்டத்து மேல்மண் ஆகாது. அதில் வேரும் மக்கும் கலந்திருக்கும், ஒட்டுத்தன்மை போதாது. அஸ்திவாரக் குழியிலோ கிணற்றிலோ எடுத்த அடிமண்தான் வேண்டும். தமிழ்நாட்டில் முயல்பவர்கள் கரிசல் மண்ணை விட்டுவிடுவது நல்லது; ஈரத்தில் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் மண் அது. களிப்புள்ள செம்மண் பரவாயில்லை. குளத்துக் களிமண்ணும் ஆகும், ஆனால் அதற்கு மணல் கூடுதலாகப் பிடிக்கும்.

மணல் எவ்வளவு என்பதில்தான் அடுத்த தவறு. பொதுவாக ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு மணல் என்பார்கள். அதை அப்படியே நம்பாமல் மூன்று நான்கு விகிதங்களில் சிறு கட்டிகள் பிடித்துக் காயவைத்துப் பாருங்கள். வெடித்தால் களி அதிகம், விரலால் தேய்த்தாலே உதிர்ந்தால் மணல் அதிகம். வழவழப்பான உருண்டை மணலைவிட எம்-சாண்ட் மாதிரி முனையுள்ள மணல் நன்றாகக் கோத்துக்கொள்ளும். கலவை கொழுக்கட்டை மாவுப் பதத்தில், உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். தார்ப்பாயில் போட்டு மிதிக்கும்போது பிள்ளைகள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்குச் சேறுதான் சுகம். தண்ணீர்க் குடத்தைப் பெரியவர் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். மிதிப்பதற்கு முன் மண்ணில் கண்ணாடிச் சில்லு, முள் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

'கொஞ்சம் சிமென்ட் சேர்த்தால் கல் மாதிரி நிற்குமே' என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். வேண்டாம். கெட்டிப்பட்ட சிமென்ட் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் தன்னுள் பிடித்து வைத்த நீரை இழந்து பொடியத் தொடங்கும். இந்த அடுப்பின் உட்சுவர் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும்.

உட்கூட்டுக்கு ஈர மணலைக் குவித்து அரைக்கோளமாகத் தட்டி, நனைத்த செய்தித்தாளால் மூடி, அதன் மேல் மண் அப்புவது சுலபமான வழி. கியூபெக் கிராமங்களில் அந்தக் காலத்தில் வளைந்த மரக்கொம்புகளால் கூடு பின்னி அதன் மேல் மண் பூசினார்கள். முதல் தீயில் கொம்புகள் எரிந்துபோகும். எந்த வழியானாலும் முதல் அடுக்கில் வைக்கோல் கலக்கக் கூடாது. அது எரிந்துபோய் உட்சுவரில் ஓட்டை ஓட்டையாக விட்டுச் செல்லும். பத்து பேர் பத்துப் பக்கம் அப்பினால் ஒரு பக்கம் நாலு விரல், இன்னொரு பக்கம் ஒரு சாண் என்று கனம் மாறும். மெலிந்த இடம் முதலில் காயும், தடித்த இடம் பின்தங்கும், நடுவில் விரிசல் விழும். எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் கனம் போதும். அளவு குறித்த குச்சியோடு ஒருவர் சுற்றிச் சுற்றி வந்து குத்திப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். கூட்டத்திலேயே கறாரான ஆளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.

வாயின் உயரத்தில் கலைஞரின் கற்பனைக்கு இடம் கிடையாது. கியூபெக்கின் பழைய அடுப்புகளை அளந்து பார்த்தவர்கள் கண்ட கணக்கு இது: வாயின் உயரம், உள்கூரை உயரத்தில் ஏறக்குறைய 63 விழுக்காடு. உள்ளே 40 சென்டிமீட்டர் என்றால் வாய் 25. பூதத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று வாயை இதற்கு மேல் பிளந்தால் சூடு வெளியே ஓடிவிடும். ரொம்பக் குறுக்கினால் காற்று போகாமல் தீ புகைந்துகொண்டே கிடக்கும். கூரை உச்சியில் புகைபோக்கிக்கு ஓட்டை போடுவதும் இதே ரகம். ஒரே வாயின் கீழ்ப்பாதியில் காற்று உள்ளே போகும், மேல்பாதியில் புகை வெளியே வரும். புகைபோக்கி வேண்டும் என்றால் வாய்க்கு முன்னால் தள்ளி வைக்கலாம்.

கூட்டுக்கு முன்பே போட வேண்டிய அடுப்பின் உள்தரையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடியில் மண்கூழும் மரத்தூளும் கலந்து, நடுவே காலி கண்ணாடி பாட்டில்களை அடுக்கினால் சூடு கீழே இறங்காது. அதன் மேல் மணல் பரப்பி, சூடு தாங்கும் நெருப்புச் செங்கல்லைச் சாந்து பூசாமல் நெருக்கி அடுக்க வேண்டும். செங்கல் விளிம்பு தூக்கலாக இருந்தால் ரொட்டி எடுக்கும் மரத் துடுப்பு ஒவ்வொரு முறையும் இடறும்.

இனி உலர்த்தல். விழாத் தேதி இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். உள்ளே இருக்கும் மணலைச் சீக்கிரம் தோண்டினால் கூடு உட்காரும். வெயிலில் வெகுநாள் விட்டால் சுருங்கும் மண் உள்ளே அசையாத மணலைக் கட்டிப்பிடித்து வெடிக்கும். கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் விழாத பதம் வந்ததும் எடுக்கலாம். கையில் செய்தித்தாள் தட்டுப்பட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். அப்புறம் நிழலில், அனல்காற்று நேரடியாக அடிக்காமல் ஆற வேண்டும். முதல் தீ சுள்ளிகளால் மட்டும், சில மணி நேரம். இப்படிப் பல நாள். வெளிச்சுவரிலிருந்து ஆவி எழும்பும்வரை உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் தலைவரை அழைத்து வந்து பெரிய விறகைச் செருகி, கைதட்டி, பீட்சா போட்டால் உள்ளே சிக்கிய நீர் ஆவியாகி மண்ணைத் தகடு தகடாக உரித்துவிடும். விழாவில் காகிதப் பூவை ஒட்டி, வேறு இடத்தில் சுட்ட ரொட்டியைப் பரிமாறுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். மயிரிழை விரிசல்கள் எப்படியும் வரும், களியும் மணலும் கரைத்துப் பூசினால் தீர்ந்தது.

முதல் அடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது, சூட்டைக் காக்கும் அடுக்கு. மண்கூழில் மரத்தூளோ வைக்கோலோ உமியோ நிறையக் கலந்து ஒரு கையகலக் கனத்துக்குப் போட வேண்டும். உருவம் வெளியே தெரியாத அடுக்கு என்பதால் இதைத் தவிர்த்துவிட்டு நேராக அலங்காரத்துக்குப் போகிறார்கள். அப்புறம் சுவர் தொட முடியாமல் கொதிக்கும், ஒட்டிய கண்ணாடிச் சில்லும் ஓட்டுத்துண்டும் ஒவ்வொன்றாக உதிரும், ரொட்டியோ வேகாது.

சிற்பம் எல்லாம் இதற்கு மேலேதான். ஆமையின் தலையைத் திடமான பெரிய உருண்டையாகப் பிடித்து ஒட்டினால் அது கூட்டைவிட மெதுவாகக் காய்ந்து கழுத்தில் முறியும். அய்யனார் கோயில் குதிரைகளைச் செய்யும் வேளார்கள் அவ்வளவு பெரிய உருவத்தையும் உள்ளே கூடாகத்தான் எழுப்புகிறார்கள், அதுவும் பகுதி பகுதியாக. அந்தப் பொறுமை இல்லையென்றால் தலையையும் கால்களையும் அடுப்பு உட்காரும் பீடத்தில் வைத்துக்கொள்ளலாம். பீடத்தில் சூடு இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம். வண்ணத்துக்கு எமல்ஷன் பெயின்ட் வேண்டாம், ஈரம் வெளியேற வழி இல்லாமல் பொரிந்து வரும். சுண்ணாம்பும் காவியும் போதும்.

மேலே ஒரு கூரை போடாமல் விட்டால் முதல் அடைமழையிலேயே ஆமை கரைந்துவிடும். அதற்காகக் கீற்று வேயாதீர்கள், ஒரு பொறி போதும். ஓடு அல்லது தகரம், அதுவும் நல்ல உயரத்தில். வண்ணம் பூசிய பழைய கதவு, பிளைவுட் துண்டு எதையும் விறகாகப் போடக் கூடாது, புகையின் விஷம் ரொட்டிக்கு வரும். காய்ந்த சவுக்கு நன்றாக எரியும். உட்கூரையில் முதலில் படியும் கரி எரிந்து வெளுத்தால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். நெருப்புக் கங்குகளை வாரி வெளியே தள்ளி, தரையில் கொஞ்சம் மைதாவைத் தூவுங்கள். உடனே கருகினால் இன்னும் ஆற வேண்டும், மெல்லச் சிவந்தால் மாவை உள்ளே விடலாம்.

கட்டி முடித்த பிறகு யார் தீ மூட்டுவது, விறகு யார் செலவு, சாம்பலை யார் அள்ளுவது என்பதைக் கட்டும் முன்பே பேசி எழுதி வைத்துவிடுங்கள். பொது இடமென்றால் நிர்வாகத்தின் அனுமதியும் எழுத்தில் இருக்கட்டும். மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த அடுப்பு மறுபடி ஈரம் குடித்திருக்கும். அதற்கும் முதல் நாள் சுள்ளித் தீதான்.