சாக்லேட் சிப் குக்கி: வெண்ணெயில் தொடங்கும் கோளாறு

பேக்கிங் கற்க வருபவர்களின் தட்டுகளைப் பார்க்கும்போது, நாங்களெல்லாம் ஒரு காலத்தில் கெடுத்த அதே பண்டங்கள் அதே காரணங்களால் மீண்டும் கெடுவது தெரிகிறது. ஓவனை முன்கூட்டியே சூடாக்காதது, அளவுக் கரண்டியை மாற்றி எடுத்தது போன்றவை ஒருமுறை பட்டால் தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வெண்ணெயை வெளியே எடுத்து வைத்துவிட்டு மறப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். இந்தக் குக்கி 1930-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ரூத் வேக்ஃபீல்ட் நடத்திய டோல் ஹவுஸ் விடுதியில் பிறந்தது. அந்நாட்டுச் செய்முறைகள் வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லும்போது, ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸையே மனத்தில் கொண்டிருக்கின்றன. மே மாதச் சென்னையின் சமையலறையோ 33 டிகிரிக்குக் குறையாது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் முழுவதும் உருகிவிடும். காலையில் வெளியே எடுத்து வைத்துவிட்டு, மதியம் சாவகாசமாகப் பிசைய உட்காருபவருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட எண்ணெய்தான்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைப் பரல்கள் வெண்ணெய்க்குள் சிறு காற்றறைகளை உண்டாக்குகின்றன. வெண்ணெய் ஓரளவு இறுகி இருந்தால்தான் அந்தக் காற்று தங்கும். இளகிய வெண்ணெயில் அது தங்குவதில்லை என்பதோடு, ஓவனுக்குள் போனவுடன், ஓரங்கள் இறுகுவதற்கு முன்பே மாவு வழிந்து பரவிவிடுகிறது.

என்னிடம் கற்ற பெண் ஒருவர் கொண்டுவந்து காட்டிய தட்டில் குக்கிகள் தனித்தனியாகவே இல்லை. ஒன்றோடொன்று ஒட்டி ஒரே அப்பளமாகக் கிடந்தன. ஓரம் கருகி வலைபோல் ஓட்டை விழுந்திருக்க, பட்டர் பேப்பரில் எண்ணெய் வட்டங்கள் ஊறியிருந்தன. அவர் ஓவன்மீது பழி போட்டு, அடுத்த முறை மைதாவை அரைக் கோப்பை கூட்டினார். அப்போது பரவாமல் நின்றது உண்மைதான், ஆனால் கடிக்கவே முடியாத வறட்டு ரொட்டியாகிவிட்டது. பிறகு புதிய ஓடிஜியும் (மேசைமேல் வைக்கும் சிறு மின் ஓவன்) வாங்கிவிட்டார். வெண்ணெய் மட்டும் வழக்கம்போல் மேடையிலேயே உருகிக்கொண்டிருந்தது.

நம் ஊர் வெயிலில் வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பத்து நிமிடம் வைத்தாலே போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும். ஆனால் மேற்பரப்பு பளபளக்கக் கூடாது, விரலில் எண்ணெய்ப் பசையும் ஏறக் கூடாது. பளபளப்புத் தெரிந்தால் உடனே ஃப்ரிட்ஜில் திரும்ப வைத்துவிடுங்கள். பிசைந்து முடித்த மாவையும் உருண்டைகளாக்கி, குறைந்தது ஒரு மணி நேரம் குளிரவிடுவது நல்லது. ஓர் இரவு வைத்தால் மைதா ஈரத்தை நன்கு உறிஞ்சிச் சுவையும் கூடும். ஆனால் உருகிய வெண்ணெயில் அடித்துவிட்டுப் பிறகு குளிரவைத்தால், பரவுவது குறையுமே தவிர, இழந்த காற்று திரும்ப வராது.

சூடான தட்டில் அடுத்த சுற்று

தட்டு ஆறட்டும். ஆறாத தட்டில் வைத்த உருண்டை, ஓவனுக்குள் போகுமுன்பே இளகத் தொடங்கிவிடும்.

கோப்பையால் மைதாவை அள்ளுவது

தளர்வாகக் கரண்டியால் இட்டு நிரப்பினால் ஒரு கோப்பை மைதா 120 கிராம் அளவில் இருக்கும். கோப்பையையே மாவுக்குள் அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரை ஏறிவிடும். சமையல் தராசு ஒன்று வாங்கிவிடுவது, ஓடிஜியை மாற்றுவதைவிட மிகவும் மலிவு.

காம்பவுண்ட் சாக்லேட்

கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்ந்தது அது. உறையில் உள்ள பொருள்பட்டியலைப் படித்து, கோகோ வெண்ணெய் இருப்பதையே வாங்குங்கள்.

நடுப்பகுதி வேகவில்லை என்று நினைப்பது

ஓரம் இறுகிப் பொன்னிறமாகி, நடுப்பகுதி இன்னும் ஈரமாகத் தோன்றும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். தட்டின் சூட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டால் மீதி வெந்துவிடும். முழுவதும் இறுகும்வரை ஓவனிலேயே வைத்திருந்தால், ஆறிய பின் பல்லுக்குத்தான் வேலை.

கன்வெக்‌ஷன் இல்லாத மைக்ரோவேவ்

சூடான காற்றைச் சுழற்றி வேகவைக்கும் வசதி இல்லாத மைக்ரோவேவில் குக்கி சுட முயலாதீர்கள்.