வசந்தகாலப் பறவைப் பயணம்: விடியலைச் சாலையில் தொலைக்காதீர்கள்

வசந்தம் வந்ததும் நண்பரோடு காரில் பறவை பார்க்கக் கிளம்புகிற புதியவர்கள் என்னிடம் பயணத் திட்டத்தைக் காட்டுவதுண்டு. அதில் இடங்களின் பெயர்களை அப்புறம்தான் பார்ப்பேன். காலை 5 மணியிலிருந்து 9 மணி வரை எங்கே இருக்கப் போகிறார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். பெரும்பாலும் நெடுஞ்சாலையில் இருப்பார்கள். ஆரம்பத்தில் நானும் நண்பனும் போட்ட அதே திட்டம்தான் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கிறது. பளிச்சென்ற சட்டை வேண்டாம், பைனாகுலரை மறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிட்டு மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

விடியற்காலையில் வண்டி ஓட்டுவது

"இருட்டோடு கிளம்பினால் வெயிலுக்கு முன் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்பது மற்ற பயணங்களுக்குச் சரி. பறவைப் பயணத்தில் அந்த ஒரு முடிவு நாள் முழுவதையும் தின்றுவிடும்.

இந்தப் பருவத்தில் ஆண் பறவைகள் தங்கள் எல்லையைச் சொல்லவும் பெட்டையை அழைக்கவும் பாடுகின்றன. சூரியன் உதிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே பாட்டு தொடங்கிவிடும், வெயில் ஏற ஏற அடங்கிவிடும். காற்று அசையாத அந்த வேளையில் குரல் வெகுதூரம் கேட்கும். தளிர் விட்ட மரத்துக்குள் இருக்கும் கதிர்க்குருவியைக் கண் தேடிப் பிடிக்காது, காதுதான் கிளையைக் காட்டிக்கொடுக்கும். பாட்டு நின்ற பிறகு அதே மரத்தடியில் கழுத்து வலிக்க நின்றாலும் இலைதான் தெரியும்.

வலசைப் பறவைகளுக்கும் இது முக்கியமான நேரம். சிறிய பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பறக்கின்றன. அப்போது காற்று அமைதியாக இருக்கும், உடல் சூடேறாது, பகலில் வேட்டையாடும் வல்லூறுகளின் பயமும் குறைவு. இரவெல்லாம் பறந்து இறங்கியவை விடிந்ததும் பசியோடு பூச்சி தேடும். தாழ்ந்த கிளை நுனி வரை வரும், மனிதர் நிற்பதைக்கூட அவ்வளவாகச் சட்டை செய்யாது. நடுவழியில் மழையோ எதிர்காற்றோ மறித்தால் கூட்டம் கூட்டமாக அங்கேயே இறங்கிவிடும். எனவே மழை பெய்த இரவுக்கு அடுத்த காலையை விடவே கூடாது. "ராத்திரி மழை, இன்று ஒன்றும் இருக்காது" என்று போர்வையை இழுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஒருமுறை ஒரு சதுப்பு நிலத்தில் நாங்கள் பார்த்து முடித்துக் கிளம்பும்போது இரண்டு இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். இருட்டில் புறப்பட்டு விடாமல் ஓட்டி வந்திருந்தார்கள். நல்ல பைனாகுலர், நல்ல கேமரா, உண்மையான ஆர்வம். அதிகாலையில் நாணல் ஓரச் சேற்றில் கானாங்கோழி ஒன்று குட்டை வாலை விசுக் விசுக்கென்று ஆட்டியபடி, ஒவ்வோர் அடியையும் எடுத்து வைத்து யோசித்து நடந்ததை நாங்கள் வெகுநேரம் பார்த்திருந்தோம். அவர்கள் வந்தபோது அது நாணலுக்குள் போயாகிவிட்டது. நடுத்தண்ணீரில் நாமக்கோழிகள் மட்டும் மிதந்தன. "இங்கே ஒன்றுமே இல்லை போலிருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்கள். அந்த அடுத்த இடத்துக்கு உச்சிவெயிலில்தான் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இந்தக் காட்சியை இன்றும் அடிக்கடி பார்க்கிறேன், எரிச்சல் குறையவே இல்லை.

திட்டத்தைத் தலைகீழாகப் போடுங்கள். முந்தைய மாலையே போய், பறவைகள் இருக்கும் இடத்திலிருந்து 10 அல்லது 15 நிமிடத் தூரத்துக்குள் தங்குங்கள். ஒரு விடியலுக்கு ஓர் இடம் போதும். நீண்ட தூரத்தை மதியத்தில் ஓட்டுங்கள். அப்போது பாட்டும் குறைவு, தரையிலிருந்து எழும் வெப்பத்தில் தொலைவிலுள்ள பறவையின் உருவமும் நெளியும். கழுகும் பருந்தும் மட்டும் விதிவிலக்கு. தரை சூடாகி வெப்பக்காற்று மேலே எழும்போதுதான் அவை வட்டமிட்டு ஏறும். அதனால் குன்றின் விளிம்பு, மலைமுகடு போன்றவற்றை முற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அலை நேரம் பார்க்காமல் கடலோரம் போவது

கடலோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்குக் கடிகாரம் கிடையாது, அலைதான், அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் ஓதம்தான். தண்ணீர் வற்றியிருக்கும்போது அவை சேற்றுவெளி முழுக்கச் சிதறி வெறும் புள்ளிகளாகத் தெரியும். ஏறும் தண்ணீர் அவற்றைக் கரையை நோக்கித் தள்ளும். உச்ச அலைக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்தால் தாமாகவே அருகில் வரும். அலை நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், நேற்றைய நேரத்தை நம்பிப் போகாதீர்கள்.

பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடுவது

வேண்டாம். கூடு கட்டும் பருவத்தில் அந்தக் குரல் அங்குள்ள ஆண் பறவைக்கு இன்னோர் ஆண் தன் எல்லைக்குள் புகுந்துவிட்ட செய்தி. இரை தேடுவதை விட்டு, கூட்டைக் காப்பதை விட்டு, இல்லாத எதிரியைத் துரத்திக்கொண்டிருக்கும். நீங்கள் படம் எடுத்துக்கொண்டு போன பிறகும் அந்தப் பதற்றம் அடங்காது. பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் 2021-இல் வந்த குரல் அறியும் வசதியைக் கேட்பதற்குப் பயன்படுத்துங்கள். அது ஒரு பெயரைக் காட்டிவிட்டது என்பதற்காகப் பட்டியலில் எழுதிவிடாமல், கண்ணாலோ காதாலோ நீங்களே உறுதிசெய்யுங்கள்.

கூட்டின் இடத்தை இணையத்தில் போடுவது

கூட்டைக் கண்டால் விலகுங்கள், யாருக்கும் இடம் சொல்லாதீர்கள்.

கார்க் கதவு

அறையாதீர்கள். முடிந்தால் இறங்கவே இறங்காதீர்கள். நிற்கும் காரைப் பல பறவைகள் பொருட்படுத்துவதில்லை, அதிலிருந்து இறங்கும் மனிதரைக் கண்டதும் பறந்துவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு, பைனாகுலரைச் சன்னல் விளிம்பில் ஊன்றிப் பாருங்கள்.

ஓட்டுபவரும் பறவை தேடுவது

ஓட்டும்போது கண் சாலையில்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் "நிறுத்து!" என்று கத்தவும் கூடாது. "இடப்பக்கம் பருந்து, இடம் கிடைத்ததும் நிறுத்து" என்று நிதானமாகச் சொன்னால் போதும். பறவை போனால் போகட்டும்.

நண்பருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் கிளம்புவது

ஒருவருக்குப் பட்டியல் நீள வேண்டும், இன்னொருவருக்கு ஒரே தகைவிலான் வாயில் சேற்றுருண்டையோடு வந்து வந்து கூட்டில் அப்புவதைத் தொலைவிலிருந்து காலை முழுக்கப் பார்க்க வேண்டும். இரண்டுமே நியாயம்தான். ஆனால் இது முதல் விடியலில் அங்கே நின்றபடி தெரியவந்தால் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், மற்றவர் மனம் புண்படும். கிளம்பும் முன்பே பேசி விடியல்களைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அவருடைய காலையில் எப்போது கிளம்புவது என்பதை அவரே சொல்லட்டும்.