ஜப்பான் மீன்துறையில் மதியம் சாப்பிடுவது எப்படி

நம் மலேசியாவில், இந்தப் புக்கிட் ரோத்தானில் இப்போது யாரைக் கேட்டாலும் பள்ளி விடுமுறைக்கு ஜப்பான் என்கிறார்கள். விசா தொல்லை இல்லை, டிக்கெட்டும் சமயத்தில் மலிவாகக் கிடைக்கிறது, போகட்டும், சந்தோஷம். ஆனால் போய் வந்தவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் கப் மீ, ரொட்டி, முட்டை என்கிறார்கள். மீனுக்குப் பேர்போன ஊருக்குப் போய்விட்டு இங்கிருந்து கட்டிக்கொண்டு போன மேகியைத் தின்றுவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை, அதனால்தான் இது.

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். ஜெரமிலும் பாசிர் பெனாம்பாங்கிலும் நாம் சாயங்காலம் குடும்பத்தோடு போவோம், தொட்டியில் கிடக்கும் நண்டைக் காட்டி கிலோ கணக்கில் நிறுக்கச் சொல்லி, இதைச் சம்பல் போடு அதை ஸ்டீம் பண்ணு என்று சொல்லி, ஒன்பது மணி வரை உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவோம். அந்தப் பழக்கத்தோடு அங்கே போனால் பூட்டின கடையைத்தான் பார்க்க வேண்டும். படகு விடிவதற்குள் வந்துவிடும், காலையிலேயே ஏலம் முடிந்துவிடும், துறைமுகத்துச் சின்னக் கடைகள் அன்றைக்கு வாங்கிய மீனை வைத்துப் பதினொரு மணி வாக்கில் திறந்து, இரண்டு மணிக்கெல்லாம் பெரும்பாலும் கடையைக் கட்டிவிடுவார்கள். கடைசி ஆர்டர் அதற்கும் அரை மணி முன்னால். நல்ல மீன் பன்னிரண்டரைக்கே தீர்ந்துபோகும் கடைகளும் உண்டு. ஆகவே பத்தே முக்காலுக்கு வாசலில் நில்லுங்கள். அங்கே மணி நமக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம், முதல் நாள் எல்லாரும் தாமதமாகத்தான் எழுந்திருப்பார்கள். கடலில் காற்று அடித்துப் படகு போகவில்லை என்றால் அன்றைக்குப் பச்சையாகச் சாப்பிடும் மீன் வகை குறையும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் இருக்கும், அதையெல்லாம் முந்தின இரவே கைப்பேசி வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் துறைமுகம்? தோக்கியோவுக்கும் புஜி மலைக்கும் போகிறவர்களுக்கு என் ஓட்டு நுமாசுவுக்கு. தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் மிஷிமா, அங்கிருந்து சாதா ரயிலில் பக்கத்து ஊர்தான், நிலையத்திலிருந்து துறைமுகத்துக்குப் பேருந்து. எதிரே இருக்கும் சுருகா வளைகுடா 2,500 மீட்டர் ஆழம், ஜப்பானிலேயே ஆழமான வளைகுடா அதுதான், அதனால் நாம் பார்த்தே இராத ஆழ்கடல் மீன்களும் அங்கே தட்டுக்கு வரும். அதே வளைகுடாவில் யுய் என்ற சின்னத் துறைமுகம், இளஞ்சிவப்பு சக்குரா இறாலுக்குப் பேர்போனது, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மட்டும் பிடிப்பார்கள், மாவில் தோய்த்து மொறுமொறுவென்று பொரித்துச் சோற்றின் மேல் வைத்துத் தருவார்கள், பச்சை மீனுக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது போதும். சூரை வேண்டும் என்றால் மிசாக்கி.

சரி, வாசலுக்கு வந்தாயிற்று. கதவு பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் பெயரையும் ஆள் எண்ணிக்கையையும் எழுத வேண்டும், எழுதாமல் வரிசையில் நின்றால் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். சுப்பிரமணியம் என்று முழுசாக எழுதிக் கூப்பிடுகிற அம்மாவைத் தவிக்கவிடாதீர்கள். மணி என்று எழுதினால் 'மணி-சாமா' என்று மரியாதையாகவே அழைப்பார். சில கடைகளில் தாள் இருக்காது, டிக்கெட் இயந்திரம் இருக்கும், பணத்தைப் போட்டுப் படத்தை அழுத்தினால் சீட்டு வரும், அதை உள்ளே கொடுக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல். 2024 ஜூலையில் அவர்கள் புது நோட்டு விட்டார்கள், பழைய இயந்திரங்கள் சில இன்னமும் அதை வாங்காது, பத்தாயிரம் யென் நோட்டையும் பல இயந்திரங்கள் துப்பிவிடும். கையில் ஆயிரம் யென் நோட்டும் 500, 100 காசுகளும் இருக்கட்டும். கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒரு ஆளுக்கு 1,500 முதல் 2,500 யென் வரை என்று கணக்கு வையுங்கள், 2,000 யென் நம் காசுக்கு 50, 60 ரிங்கிட் பக்கம் வரும்.

உள்ளே உட்கார்ந்ததும் தண்ணீரோ சீனியில்லாத பச்சைத் தேநீரோ சும்மா வரும், அதற்குக் காசில்லை. ஆளைக் கூப்பிட 'சுமிமாசென்' என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம், அது அங்கே மரியாதைக்குறைவு இல்லை. மெனுவை விட்டுவிட்டுச் சுவரில் கையால் எழுதி ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள், அன்றைக்கு வந்த மீன் அதில்தான் இருக்கும். கைப்பேசிக் கேமரா மொழிபெயர்த்துவிடும், கையெழுத்தில் தடுமாறினால் 'ஒசுசுமே', அதாவது எது நல்லது, என்று கேட்டுவிட்டு அவர்கள் விரல் காட்டுவதை வாங்குங்கள். சோற்றின் மேல் பத்து வகை பச்சை மீனைக் கலர் கலராக அடுக்கின கைசென்-தோன்தான் எல்லாரும் படம் எடுத்துப் போடுவது. எனக்கென்னவோ முதல் தடவை போகிறவர்களுக்கு அது வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. தெய்ஷோக்கு கேளுங்கள், சோறு, மிசோ சூப், ஊறுகாய், ஒரு மீன், எல்லாம் ஒரே தட்டத்தில். அதிலும் அஜி புராய் என்று ஒன்று. அஜி நம் செலார் மீனுக்குச் சொந்தக்காரன், முதுகைப் பிளந்து முள்ளெடுத்து ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்திருப்பார்கள், வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கடித்தால் வெளியே முறுக்கு மாதிரி உடையும், உள்ளே வெள்ளையாக ஆவி பறக்கும். பாட்டிகூட மறுக்க மாட்டார்.

சுட்ட மீன் வந்தால் திருப்பிப் போடாதீர்கள். குச்சியால் நடுமுள் வாக்கில் தலையிலிருந்து வால் வரை ஒரு அழுத்து அழுத்தி, மேல்பக்கச் சதையை முதலில் தின்று முடித்து, வாலைப் பிடித்து முள்ளை அப்படியே தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கீழ்ப்பக்கத்துக்குப் போக வேண்டும். பக்கத்தில் குவித்திருக்கும் முள்ளங்கித் துருவலில் இரண்டு சொட்டு சோயா விட்டு மீனோடு சேர்த்துச் சாப்பிட்டால் எண்ணெய் பிசுக்கு தெரியாது. குச்சி பிடிக்க வரவில்லையா, ஸ்பூன் கேளுங்கள், தருவார்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பதும், குச்சியிலிருந்து குச்சிக்கு மீனைக் கைமாற்றுவதும் அங்கே சாவுக் காரியத்தோடு சேர்ந்தது, பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பச்சை மீன் பற்றி. பயம் நியாயமானதுதான். அனிசாக்கிஸ் என்ற புழு கானாங்கெளுத்தி வகை, கணவாய் போன்றவற்றில் இருக்கும், உயிரோடு வயிற்றுக்குள் போனால் சில மணி நேரத்தில் தாங்க முடியாத வலி வரும். வசாபி, வினிகர், நாம் நம்பும் எலுமிச்சை எதுவும் அதைக் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறைந்தால் சாகும், நன்றாக வெந்தால் சாகும். தூரக் கடல் படகுகள் மிசாக்கியில் கொண்டுவந்து இறக்கும் சூரை அதைவிடக் கடுமையாக உறைந்து வருவது, ஆகவே பயந்தவர்கள் தொடங்க அதுவே நல்ல இடம். கர்ப்பிணிகள் பச்சை மீனை விட்டுவிடுங்கள். வசாபி நாக்கில் உறைக்காது, நேரே மூக்கில் ஏறும், சில்லி பாடி தின்கிறவன் நான் என்று வீரம் காட்டி உருண்டையாக வாயில் போட வேண்டாம், மீன் மேல் கடுகளவு வைத்து மீன் பக்கம் மட்டும் சோயாவில் தொடுங்கள். வேண்டாதவர்கள் 'சாபி நுக்கி' என்று சொன்னால் போதும்.

முஸ்லிம் நண்பர்கள் கூட வந்தால் குழம்பு மாதிரி வேகவைத்த மீனைத் தவிருங்கள், சாக்கே, மிரின் என்ற அரிசி மதுக்களைச் சேர்ப்பார்கள், பொரிக்கும் எண்ணெயில் பன்றியிறைச்சியும் பொரித்திருக்கலாம். உப்பு மட்டும் தடவிச் சுட்ட மீனைக் கேட்கலாம், சோயாவிலும் சாராயம் கலப்பதுண்டு என்பதால் கேட்டுத் தொடுங்கள். வெள்ளிக்கிழமை சைவம் பிடிக்கிறவர்கள் அன்றைக்குத் துறைமுகப் பக்கமே போக வேண்டாம், காய்கறி தானே என்று வாங்கினால்கூட சூப்பும் சாறும் காய்ந்த சூரைத் துருவலில் வடித்ததாகத்தான் இருக்கும். புரட்டாசியில் டிக்கெட் போடாமலிருப்பது உத்தமம்.

முடிந்ததும் மேசையில் வைத்த பில்லை எடுத்துக்கொண்டு வாசல் கல்லாவுக்குப் போங்கள், காசைக் கையில் திணிக்காமல் சின்னத் தட்டில் வைக்க வேண்டும், டிப்ஸ் கிடையாது, வைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். மிச்சத்தைத் தாப்பாவ் கேட்காதீர்கள், பச்சை மீனைக் கட்டித் தர மாட்டார்கள். வெளியே கடையில் சுட்ட கணவாய்க் குச்சி வாங்கிப் படகுகளைப் பார்த்தபடி தின்ன ஆசை வந்தால் சுவர் ஓரமாக முதுகைக் கொடுத்து நின்று தின்னுங்கள், கள்ளப்பருந்து பின்னாலிருந்து சத்தமில்லாமல் இறங்கிக் கையிலிருப்பதைப் பறித்துக்கொண்டு போய்விடும், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.