நாலு கட்டம் கூடும் மூலை: வயோமிங்கில் தனியார் நிலத்தை மிதிக்காமல் பொதுநிலத்துக்குப் போவது எப்படி

போன சீசனில் புரோங்ஹார்ன் (மான் மாதிரி இருக்கும் விலங்கு) வேட்டைக்கு அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக்குப் போனபோது, நில எல்லையைக் காட்டும் உள்ளங்கை அகல பித்தளை மூடி ஒன்றைத் தேடிப் புதர்க்காட்டில் இரண்டு மணி நேரம் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். லைசென்ஸ், டேக், ஆரஞ்சு வெஸ்ட் எல்லாம் தெரிந்தவர்களுக்கான பதிவு இது. நான் வக்கீல் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். 1860களில் ரயில் பாதை போட்ட யூனியன் பசிபிக் கம்பெனிக்கு, பாதையின் இருபுறமும் நிலத்தைச் சதுரக் கட்டங்களாக அளந்து எண் போட்டு, ஒற்றைப்படை எண் கட்டங்களை அரசு கொடுத்தது. இரட்டைப்படைக் கட்டங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒரு கட்டம் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். மேப்பில் பார்த்தால் அசல் சதுரங்கப் பலகைதான்: கறுப்பு பொதுநிலம், வெள்ளை தனியார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கட்டத்திலிருந்து அடுத்த கறுப்புக் கட்டத்துக்குப் போக மூலையைத் தவிர வேறு வழி கிடையாது.

படி 1: மேப். நான் ஆன்எக்ஸ் ஆப்பைத்தான் நம்புகிறேன். காசு கட்டலாம், தப்பில்லை. மஞ்சள் நிறம் பிஎல்எம் (மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை) நிலம், பச்சை தேசியக் காடு, நீலம் மாநில நிலம், வெள்ளை தனியார். ஆஃப்லைன் மேப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அங்கே போனால் சிக்னல் இருக்காது. கையில் ஒரு பிஎல்எம் காகித மேப்பும் இருக்கட்டும்.

படி 2: ரோடு. ஆப்பில் கோடு தெரிகிறது என்பதால் அது பொது ரோடு ஆகிவிடாது. கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். "நுழையாதே" பலகை இல்லையே என்று உள்ளே போகாதீர்கள். வயோமிங்கில் வேட்டைக்காரன் தனியார் நிலத்தில் கால் வைக்க அனுமதி வாங்கியிருக்க வேண்டும்; பலகை வைப்பது நில உரிமையாளரின் கடமை இல்லை.

படி 3: மூலையைக் கண்டுபிடிப்பது. நான் சறுக்கியது இங்கேதான். போனில் நீலப் புள்ளி சரியாக மூலையில் நின்றது. எதிரே வேலியும் ஒரு மூலையாக மடங்கியிருந்தது. சரி, இதுதான் என்று காலைத் தூக்கிவிட்டேன். ஆனால் போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே நாலைந்து மீட்டர் பிசகும். வேலியோ மாடு தாண்டாமலிருக்கப் போட்டது. எல்லையை ஒட்டித்தான் ஓட வேண்டும் என்று அதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை. ஏதோ சந்தேகம் தட்டவே காலைப் பின்னால் எடுத்துத் தேட ஆரம்பித்தேன். வேலியிலிருந்து பன்னிரண்டு தப்படி தள்ளி, ஒரு செடியடியில், மண் மூடிக் கிடந்தது சர்வே குறி.

நம்மூர் சர்வே கல் மாதிரிதான். குழாய் ஒன்றின் தலையில் பித்தளை மூடி. எச்சில் தொட்டுத் துடைத்தால் எண்கள் தெரிந்தன: மேலே இடப்பக்கம் 7, வலப்பக்கம் 8, கீழே இடப்பக்கம் 18, வலப்பக்கம் 17. 18-லிருந்து 8-க்குத் தாண்டினால் பொதுநிலத்திலிருந்து பொதுநிலம். மூடியில் இருக்கும் எண்களும் மேப்பில் இருக்கும் எண்களும் பொருந்த வேண்டும். சில மூலைகளில் பழைய குறிக்கல்தான் இருக்கும், சிலவற்றில் ஒன்றுமே கிடைக்காது. கிடைக்காவிட்டால் நான் திரும்பிவிடுவேன். நீலப் புள்ளியை நம்பித் தாண்ட மாட்டேன்.

படி 4: தாண்டுவது. துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, மூடிக்கு மேலாக ஒரே எட்டு. 2021-இல் மிசூரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் வயோமிங்கின் எல்க் மவுண்டனில் இப்படி ஒரு மூலையை ஏணி வைத்துத் தாண்டினார்கள். அத்துமீறி நுழைந்ததாகப் போட்ட குற்ற வழக்கில் 2022-இல் ஜூரி அவர்களை விடுவித்தது. நில உரிமையாளர் போட்ட சிவில் வழக்கில், பொதுநிலத்தை வளைத்து மறிக்கக் கூடாது என்ற 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து, 2025 மார்ச்சில் 10-ஆவது சர்க்யூட் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது. தனியார் மண்ணை மிதிக்காமல், எதையும் சேதப்படுத்தாமல் தாண்டினால்தான் இந்தத் தீர்ப்பு உங்களுக்குத் துணை. ஏணியெல்லாம் வேண்டாம் என்பது என் கட்சி. நல்ல பூட்ஸும் கொஞ்சம் நிதானமும் போதும்.

திரும்பும்போது கறியைத் துண்டு போட்டுப் பையில் கட்டுங்கள். ஒருவர் தாண்டி நின்று வாங்கிக்கொள்ளட்டும். பையை இடையில் எங்கும் இறக்கி வைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: பக்கத்து மாநிலமான மொன்டானாவில் இந்தத் தீர்ப்பு செல்லுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். செல்லாது. அது 9-ஆவது சர்க்யூட்டில் வருகிறது. மூலை தாண்டுவது அங்கே இன்னமும் சட்டவிரோதம்தான் என்று மாநில அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். 10-ஆவது சர்க்யூட் என்றால் வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சஸ், ஓக்லஹோமா.

இன்னொன்று: அடிபட்ட விலங்கு வெள்ளைக் கட்டத்துக்குள் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டார். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பின்னாலேயே ஓடாதீர்கள்; உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவர் யாரென்று தெரியாவிட்டால் அந்தப் பகுதி கேம் வார்டனை (வேட்டைச் சட்டங்களைக் கவனிக்கும் அதிகாரி) கூப்பிடுங்கள். அவர் நம்பரை நான் இப்போது லைசென்ஸ் பின்னாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.