மொட்டமாடி பைப்பு வெயில்ல நொறுங்காம இருக்க

கனடால இருக்க மச்சினன் போன்ல பேசும்போது, வீட்டு பரண்ல போற தண்ணி பைப்பு ஐஸ் பிடிச்சு வெடிச்சிராம இருக்க ஃபோம் சுத்திட்டு இருக்கேன்னான், எனக்கு சிரிப்பு வந்துட்டு, நம்ம நாகர்கோவில் பக்கம் பைப்புக்கு எமன் வெயிலுதான்.

போன ஏப்ரல்ல எங்க டேங்க் லைன் மேல ஒரு தென்னமட்ட விழுந்து பைப்பு அப்பளம் மாதிரி நொறுங்கிட்டு. நானும் மட்டையத்தான் திட்டுனேன், பொறவு உடஞ்ச துண்ட வெரலால தேச்சு பாத்தா வெள்ளயா பொடி ஒட்டுது, அதே நாள்ல வாங்குன பைப்பு சன்ஷேடுக்கு கீழ நெழல்ல புதுசு மாதிரி கெடக்கு. வெயில்ல உள்ள புறஊதாக் கதிர் பிவிசி மேல்தோல கெடுத்துரும், தண்ணி பிரஷர தாங்கும், ஆனா ஒரு தட்டு பட்டா போச்சு. பொடி ஒட்டுற பைப்ப மாத்திருங்க, பெயிண்ட் அடிச்சாலும் அதுக்கு பழைய பலம் திரும்ப வராது.

நல்லா இருக்க பைப்புக்கு பெயிண்ட்தான் மருந்து. உப்புத்தாள் போட்டு லேசா தேச்சு, தொடச்சு, தண்ணி கலக்குற வெளிச்சுவர் எமல்ஷன் வெள்ளயில ரெண்டு கோட்டு, அடிப்பக்கத்தயும் விடாம அடிங்க. கேட்டுக்கு அடிச்ச எனாமல் மிச்சம் கெடக்குன்னு அத எடுத்துராதீங்க, அதுல உள்ள தின்னர் பிவிசிக்கு ஆகாது. கருப்பும் வேண்டாம், சூட்ட இழுக்கும். நமக்கு தென்மேற்கு வடகிழக்குன்னு ரெண்டு மழையும் உண்டுல்லா, அதனால ஜனவரி, பிப்ரவரில வேலய முடிச்சிருங்க.

அடுத்து கிளாம்பு, இதுலதான் பிளம்பர்மாரு சொதப்புதாங்க. 10 அடி பிவிசி பைப்பு 30 டிகிரி சூடு ஏறுனா கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் நீளும், ராத்திரி திரும்ப சுருங்கும், கிளாம்ப இறுக்கி முடுக்கிட்டா அந்த இழுவ பூரா எல்போ ஜாயிண்ட்ல வந்து நிக்கும், கசிவு அங்கதான் தொடங்கும். பைப்பு உள்ள நகருற அளவுக்கு லூசா விடுங்க, அதுக்குன்னு கிளாம்ப குறைக்கக் கூடாது, ஆரல்வாய்மொழி, தோவாள பக்கம் ஆனி ஆடி காத்துக்கு பைப்பு கெடந்து ஆடும், அங்க 3 அடிக்கு ஒண்ணு போடுங்க. குளச்சல், முட்டம்னு கடல் பக்கம் இருக்கவங்க இரும்பு கிளாம்பு வாங்காதீங்க, உப்புக்காத்துல துரு ஏறிரும், பிளாஸ்டிக் போதும்.

மத்தியானம் கொழாய தொறந்தா கொதி தண்ணி வருதுன்னா கருப்பு ரப்பர் ஃபோம் குழல் வாங்கி மாட்டி, மேல அலுமினிய டேப் சுத்துங்க, டேப் இல்லன்னா ஃபோமும் வெயில்ல உதிரும். சாக்கு சுத்துறது வேண்டாம், மழையில ஊறி நாத்தம் அடிக்கும்.

பெயிண்ட் அடிக்கும்போது வால்வு கைப்பிடிய மட்டும் ஒரு கவர் போட்டு மூடிக்கோங்க, எங்க வீட்டுல அது ஒட்டிப்போயி இப்ப கட்டிங் பிளேயர் வச்சுத்தான் திருப்புதோம்.