செகண்ட் ஹேண்ட் டிரெஸ் எடுக்கப் போறீங்களா? இதெல்லாம் பாத்துட்டு எடுங்க

காசு மிச்சம்னுதான் பாதி பேர் பழைய துணி பக்கம் வர்றாங்க, தப்பே இல்ல, ஆனா எனக்கு அதைவிட பெருசா படுறது தண்ணிதான். ஒரு காட்டன் டீ-ஷர்ட்டுக்கு பருத்தி விளையுறதுல இருந்து சுமார் 2,700 லிட்டர் ஆகும்னு கணக்கு, அவ்வளவும் செலவாகி வந்த துணிய நாலு தடவை போட்டு தூக்கிப் போடுறத பாத்தா நிஜமாவே மனசு கேக்கல. இன்னொரு லாபம், பல தடவ துவைச்ச காட்டன் சுருங்க வேண்டிய அளவு பெரும்பாலும் சுருங்கியிருக்கும், போட்டுப் பாத்து பொருந்துச்சுன்னா நம்பி எடுக்கலாம்.

முதல்ல துணிய வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க. அக்குள், முழங்கை, பேன்ட்னா தொடை உரசுற இடம், இங்கதான் நூல் இளைச்சு சல்லடை மாதிரி தெரியும், அப்படி இருந்தா எவ்வளவு அழகா இருந்தாலும் வெச்சிடுங்க. பட்டன் போயிருந்தா பரவாயில்ல, அஞ்சு நிமிஷ வேலை. ஜிப்ப மூணு தடவ ஏத்தி இறக்கிப் பாருங்க, எலாஸ்டிக்க இழுத்து விடுங்க, திரும்பலன்னா உயிர் போச்சுன்னு அர்த்தம். சைஸ் லேபிள நம்பாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும், அளவு டேப் கையில வெச்சுக்கோங்க.

வீட்டுக்கு வந்ததும் பீரோல வைக்காம தனியா துவைங்க, லேபிள்ல அனுமதி இருந்தா 60 டிகிரி சுடுதண்ணி, மூட்டைப்பூச்சியும் அதோட முட்டையும் அந்த சூட்டுல செத்துடும்.